மூவர் பேசிய இசை
ஒரு சிறிய ஜாஸ் குழு இருபது ஆண்டுகளில் வளர்ந்த கதை



ஜாஸ் இசை என்றதும் நம்மில் பலருடைய கண்முன் வருவது பெரிய மேடையும், வரிசையாக நிற்கும் டிரம்பெட், சாக்ஸஃபோன் கலைஞர்களும்தான். ஆனால் ஜாஸ் வரலாற்றில் மிகுந்த மதிப்புடன் பேசப்படும் குழுக்களில் ஒன்றில் இருந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் பியானோ, ஒருவர் டபுள் பாஸ், ஒருவர் டிரம்ஸ். பாடகர் இல்லை. ஊதும் கருவிகள் இல்லை. சில இரவுகளில் அவர்கள் வாசித்த இசை, கேட்பவர்களின் கண்ணாடிக் குவளைகள் மோதும் ஓசையைவிடச் சற்றே உரக்க இருந்தது. அவ்வளவுதான்.

அமெரிக்கப் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் 1959ஆம் ஆண்டின் இறுதியில் அமைத்த குழு அது. 1980 செப்டம்பரில் அவர் மறையும் வரை, ஆட்கள் மாறினாலும் அமைப்பு மாறாமல் அந்த மூவர் குழு நடந்து வந்தது.

முன்கூட்டியே எழுதி வைக்காத இசையை மூன்று பேர் எப்படிச் சேர்ந்து வாசிக்கிறார்கள்? சொல்லாமலேயே ஒருவர் மனத்தை மற்றவர் அறிந்துகொண்ட மூவரில் ஒருவர் திடீரென்று போய்விட்டால், எஞ்சியவர்கள் என்ன செய்வார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் முன்வைத்து அந்தக் குழுவின் பயணத்தை இன்று பார்ப்போம்.

எழுதாத இசைக்கும் இலக்கணம் உண்டு

"மனத்தில் தோன்றியதை வாசிப்பதுதானே ஜாஸ்?" என்று சிலர் கேட்பார்கள். பாதி உண்மை. மனத்தில் தோன்றியதை வாசிக்கிறார்கள்; ஆனால் தோன்றியபடியெல்லாம் வாசிப்பதில்லை.

நம் கர்நாடக இசைக் கச்சேரியைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். கற்பனைச் சுரம் பாடும் வித்துவான் அந்த நேரத்தில் தோன்றிய சுரங்களைப் பாடுகிறார். ஆனால் ராகத்தை விட்டு வெளியே போவதில்லை. தாளத்தைத் தவற விடுவதில்லை. எடுத்துக்கொண்ட இடத்திற்குச் சரியாக வந்து சேர்கிறார். அந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் அவருடைய சுதந்திரம் இருக்கிறது.

ஜாஸ் இசையில் ராகத்தின் இடத்தில் இருப்பது 'கார்ட்' எனப்படும் சுரக் கூட்டுகளின் வரிசை. பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது ஒரு கார்ட். ஒரு பாடலின் மெட்டுக்கு அடியில் இந்தக் கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து கொண்டிருக்கும். பெரும்பாலான பழைய அமெரிக்கப் பாடல்களில் 32 தாள அளவுகளில் இந்த வரிசை ஒரு சுற்று முடிந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். கலைஞர்கள் முதல் சுற்றில் பாடலின் மெட்டை வாசிப்பார்கள். அடுத்தடுத்த சுற்றுகளில் மெட்டை விட்டுவிட்டு, அதே கார்டு வரிசையின்மேல் புதிய மெட்டுகளை உடனுக்குடன் புனைவார்கள். கடைசிச் சுற்றில் பழைய மெட்டு திரும்ப வரும்.

ஆகவே மூவர் மனத்திலும் ஒரே வரைபடம் இருக்கிறது. எந்த வீதியில் எப்போது திரும்ப வேண்டும் என்பது மூவருக்கும் தெரியும். அந்த வீதியில் எப்படி நடப்பது என்பதுதான் அவரவர் விருப்பம்.

முதலாளியும் இரண்டு உதவியாளர்களும்

1950களில் பியானோ மூவர் குழு என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பியானோ முன்னால் போகும். பாஸ் கலைஞர் தாளத்தின் நான்கு அடிகளுக்கும் நான்கு சுரங்களை அடி பிசகாமல் மீட்டிக்கொண்டு வருவார். டிரம்ஸ் கலைஞர் சிம்பல் தட்டில் கால அளவைக் காட்டிக்கொண்டே இருப்பார். பியானோவின் முறை முடிந்ததும் பாஸுக்குச் சிறிது நேரம், டிரம்ஸுக்குச் சிறிது நேரம் தருவார்கள். பிறகு பழையபடி பியானோவே நாயகன்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. மகத்தான இசை இந்த முறையில் பிறந்திருக்கிறது. ஆனால் எவன்ஸ் வேறொன்றை விரும்பினார். ஒருவர் பேசி முடித்த பின் மற்றவர் பேசுவதாக இல்லாமல், மூவரும் ஒரே நேரத்தில் புனைய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பாஸ் கலைஞருக்கு ஒரு நல்ல பதில் தோன்றினால், தன் முறை வரும்வரை அவர் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

எவன்ஸ் அப்போது புதியவர் அல்லர். 1929 ஆகஸ்ட் 16இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். 1958இல் மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற குழுவில் சில மாதங்கள் வாசித்தார். 1959 மார்ச், ஏப்ரல் மாதங்களில் பதிவான டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' இசைத்தட்டில் அவருடைய பங்கு பெரியது. அந்த இசைத்தட்டின் உறையில் அச்சான குறிப்பையும் அவரே எழுதினார். மெல்லிய தாளில் மை தோய்த்து வரையும் ஜப்பானிய ஓவியரை அதில் உவமையாகச் சொன்னார். தூரிகை தயங்கினால் தாள் கிழிந்துவிடும். வரைந்ததை அழித்துத் திருத்தவும் முடியாது. கூட்டாகச் செய்யும்போது இன்னொரு சிரமமும் சேர்கிறது: ஒவ்வொருவரும் மற்றவரோடு இசைந்து, ஒரே விளைவை நோக்கிச் சிந்திக்க வேண்டும் என்றும் அதில் விளக்கினார். அவருடைய மூவர் குழுவின் கொள்கையே அதுதான் எனலாம்.

மூவரும் சேர்ந்த நேரம்

1959 டிசம்பர் 28ஆம் தேதி 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்' என்ற இசைத்தட்டுக்காக மூவரும் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடினார்கள். எவன்ஸுக்கு வயது 30. பாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோவுக்கு 23. டிரம்ஸ் கலைஞர் பால் மோட்டியனுக்கு 28.

லஃபாரோ இளம் வயதில் கிளாரினெட்டும் சாக்ஸஃபோனும் பயின்றவர். கல்லூரிக்குப் போகும் பருவத்தில்தான் பாஸைக் கையில் எடுத்தார். அந்தக் காரணத்தால்தானோ என்னவோ, ஆளுயரத்தைவிடப் பெரிய அந்தக் கருவியில் ஊதுகருவியைப் போல வளைந்து நெளியும் மெட்டுகளை வாசித்தார். மோட்டியனோ கால அளவை அடித்து உறுதி செய்வதைக் குறைத்துக்கொண்டார். கம்பி இழைகளால் ஆன பிரஷ்களைக் கொண்டு தோலைத் தடவியும், சிம்பலை லேசாகத் தொட்டும், இசைக்கு நிறம் சேர்த்தார். தாளம் மூவரின் மனத்திலும் ஓடிக்கொண்டிருந்ததால், அதை ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டிய தேவை குறைந்தது.

அந்த இசைத்தட்டில் உள்ள 'ஆட்டம் லீவ்ஸ்' என்ற பாடலைக் கேளுங்கள். மெட்டு முடிந்தவுடன் வழக்கம்போல் பியானோ ஓடத் தொடங்காது. பாஸ் ஒரு சிறு துண்டை எடுத்துக் கொடுக்கும். பியானோ அதற்குப் பதில் சொல்லும். நடுவே டிரம்ஸ் ஒரு சொல் சேர்க்கும். மூவரும் சிறிது நேரம் இப்படிப் பேசிக்கொண்ட பிறகுதான் சீரான நடை தொடங்கும். அதே தட்டில் 'ஸ்னோ ஒயிட்' படத்தில் வந்த ஒரு பாடலும் உண்டு. சிறுவர்களுக்கான படப்பாட்டைக்கூட இவர்கள் பெரியவர்களின் உரையாடலாக மாற்றினார்கள்.

1961 பிப்ரவரியில் 'எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்' என்ற இரண்டாவது இசைத்தட்டு பதிவானது. இந்தக் குழு ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்தவை இந்த இரண்டு மட்டுமே. ஆனால் மூவரின் புரிதலும் உச்சத்தைத் தொட்டது கூடத்தில் அல்ல, ஒரு நிலவறையில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

நியூயார்க் நகரில் 'வில்லேஜ் வேன்கார்ட்' என்ற ஜாஸ் அரங்கம் 1935இல் தொடங்கப்பட்டது. படியிறங்கிச் செல்ல வேண்டிய சிறிய நிலவறை அது. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. எவன்ஸ் குழு அன்று பகலில் இரண்டு முறையும் இரவில் மூன்று முறையும் வாசித்தது. ரிவர்சைட் நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸ் அனைத்தையும் ஒலிநாடாவில் பதிவு செய்தார்.

அந்தப் பதிவில் இசை மட்டும் இல்லை. மக்கள் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், குவளைகள் மோதுகின்றன. ஒரு பாட்டின் நடுவே மின்சாரம் தடைப்பட்டுப் பதிவு அறுந்தும் போகிறது. இத்தனைக்கும் நடுவில் மூவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாஸ் முன்னால் வந்தால் பியானோ ஒதுங்கி இடம் விடுகிறது. பியானோ ஒரு கேள்வியை முடிக்காமல் விட்டால், அதை பாஸ் முடித்து வைக்கிறது. யார் தலைவர், யார் துணை என்று பிரித்துச் சொல்வது கடினமாகிவிடுகிறது.

இது ஒரு நாளில் வந்த திறமை அன்று. ஒன்றரை ஆண்டுகள் மேடை மேடையாகச் சேர்ந்து வாசித்த பழக்கத்தால் வந்தது. அவர் இந்த இடத்தில் இப்படி மூச்சு விடுவார், இவர் இந்த இடத்தில் இறங்குவார் என்று பலநூறு சின்னச் சின்ன அறிதல்கள் சேர்ந்து அந்தப் பிற்பகலை உண்டாக்கின.

பதினோரு நாள்

அந்தப் பதிவு முடிந்த பதினோராம் நாள், 1961 ஜூலை 6ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஒரு கார் விபத்தில் ஸ்காட் லஃபாரோ உயிரிழந்தார். வயது 25.

எவன்ஸ் நிலைகுலைந்து போனார். பல மாதங்கள் மேடை ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பதிவிலிருந்து முதல் இசைத்தட்டுக்கான பாடல்களைத் தேர்ந்தெடுக்கும்போது, லஃபாரோவின் வாசிப்பு நன்கு தெரியும் பாடல்களுக்கே முதலிடம் கொடுக்கப்பட்டது. லஃபாரோ இயற்றிய ஒரு பாடலில் அந்தத் தட்டு தொடங்கி, அவர் இயற்றிய இன்னொரு பாடலில் முடிகிறது. எஞ்சிய பாடல்களில் சில 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்ற பெயரில் அடுத்த ஆண்டு வெளிவந்தன. இரண்டு தட்டுகளும் இன்றுவரை ஜாஸ் ரசிகர்களின் வீடுகளில் ஒலிக்கின்றன.

இங்கேதான் நம்முடைய இரண்டாவது கேள்வி எழுகிறது. ஒரு பாடகர் தவறினால் அவருடைய பாடல்கள் இருக்கும். இன்னொருவர் அவற்றைப் பாடலாம். ஆனால் இந்தக் குழுவின் சொத்து பாடல்கள் அல்ல. இருவருக்கும் மூவருக்கும் இடையில் இருந்த புரிதல்தான் சொத்து. ஒருவர் போனால் அவர் பங்கு மட்டும் போவதில்லை. மற்ற இருவரும் அவரோடு பேசிப் பழகிய மொழியும் சேர்ந்தே போய்விடுகிறது.

இடத்தை நிரப்புவதா, புதிதாகத் தொடங்குவதா?

புதிய பாஸ் கலைஞராக வந்தவர் சக் இஸ்ரேல்ஸ். அவர் லஃபாரோவின் நகல் ஆக முயலவில்லை. உச்ச சுரங்களில் பறந்து திரிவதைவிட, பாடலின் அடித்தளத்தை ஆழமாகவும் உறுதியாகவும் தாங்குவது அவருடைய பாணி. 1962 மே, ஜூன் மாதங்களில் இந்தக் குழு பதிவு செய்தவற்றில் மெதுவான பாடல்களை மட்டும் திரட்டி 'மூன் பீம்ஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். முந்தைய குழுவின் துள்ளல் அதில் இல்லை. துக்கம் நடந்த வீட்டில் மெதுவாகப் பேசுவார்களே, அந்த நிதானம் இருக்கிறது. தயாரிப்பாளர் கீப்நியூஸின் பெயரில் உள்ள எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டு, 'எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி' என்று பொருள்படும் தலைப்பை ஒரு பாடலுக்கு எவன்ஸ் சூட்டினார். விளையாட்டாகச் செய்த எழுத்து மாற்றம்தான். ஆனாலும் அந்த ஆண்டில் அந்தத் தலைப்பைப் படிக்கும் எவருக்கும் லஃபாரோவின் நினைவும் வரத்தான் செய்யும்.

புதியவரிடம் பழையவரைத் தேடாமல், புதியவரிடம் இருப்பதைக் கேட்டு அதற்கேற்பத் தம் வாசிப்பை மாற்றிக்கொண்டதால்தான் எவன்ஸால் குழுவை மீண்டும் நடத்த முடிந்தது.

1963இல் எவன்ஸ் இன்னொரு விந்தையும் செய்தார். ஒரு பியானோ வாசிப்பைப் பதிவு செய்து, அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதையும், பிறகு மூன்றாவதையும் அதன்மேல் பதிவு செய்தார். மூன்று பியானோ, மூன்றையும் வாசித்தவர் ஒருவரே. 'கான்வர்சேஷன்ஸ் வித் மைசெல்ஃப்' என்ற அந்த இசைத்தட்டு அவருக்குக் கிராமி விருதைப் பெற்றுத் தந்தது. வியக்கத்தக்க சாதனைதான். ஆனால் தனக்குத் தானே பேசிக்கொள்பவர் தன்னை எதிர்பாராத பதிலால் திடுக்கிட வைக்க முடியாது. அவர் மீண்டும் மூவர் குழுவுக்கே திரும்பினார்.

1964இல் மோட்டியன் விலகினார். இசை நாளுக்கு நாள் மெலிந்து, தம் கைகளுக்கு வேலையே இல்லாததுபோல் ஆகிவிட்டதாக அவர் உணர்ந்தார். இதையும் நாம் கவனிக்க வேண்டும். குழு உடைவதற்கு எப்போதும் விபத்தோ சண்டையோ காரணமாக இருப்பதில்லை. ஒருவர் இன்னும் மெதுவாகப் பேச விரும்புகிறார். மற்றவருக்கு உரக்கப் பேச வேண்டியிருக்கிறது. இருவரும் நல்லவர்களே. பாதைதான் பிரிந்துவிட்டது.

பதினோரு ஆண்டுத் துணை

1966இல் எடி கோமஸ் என்ற இளைஞர் சேர்ந்தார். புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். அப்போது வயது 21. அவர் பதினோரு ஆண்டுகள் எவன்ஸோடு இருந்தார். லஃபாரோ இருந்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு என்பதை எண்ணிப் பாருங்கள்.

டிரம்ஸ் இடத்தில் சிலர் வந்து போனார்கள். 1968 ஜூனில் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரோ விழாவில் ஜாக் டிஜானெட் வாசித்தார். அவர் குழுவில் இருந்தது சில மாதங்களே. ஆனால் அந்த ஒரு நிகழ்ச்சியின் பதிவு கிராமி விருது பெற்றது. அதில் எவன்ஸின் வாசிப்பில் ஒரு புதிய சூடு தெரியும். டிரம்ஸ் மாறினால் பியானோவும் மாறுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அதே ஆண்டின் பிற்பகுதியில் மார்ட்டி மொரெல் வந்தார். எவன்ஸ், கோமஸ், மொரெல் மூவரும் 1970களின் நடுப்பகுதி வரை ஒன்றாக இருந்தனர். இந்தக் குழுவின் வரலாற்றிலேயே ஆட்கள் மாறாமல் மிக நீண்ட காலம் நீடித்த அணி இதுதான். 1971இல் பதிவான 'தி பில் எவன்ஸ் ஆல்பம்' இரண்டு கிராமி விருதுகளைப் பெற்றது. அதில் எவன்ஸ் மின்சாரப் பியானோவையும் வாசித்தார்.

நீண்ட உறவுக்கு ஒரு நன்மையும் ஓர் ஆபத்தும் உண்டு. நன்மை என்னவென்றால், பேச வேண்டிய தேவையே குறைகிறது. 1974இல் எவன்ஸும் கோமஸும் டிரம்ஸே இல்லாமல் இருவர் மட்டும் ஓர் இசைத்தட்டு செய்தார்கள். தாளத்தைச் சொல்ல மூன்றாமவர் இல்லாமலே தாளம் நின்றது. ஆபத்து என்னவென்றால், அடுத்தவர் என்ன சொல்வார் என்று முன்பே தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் காது கொடுத்துக் கேட்பது குறையும். அந்த ஆண்டுகளில் குழுவின் வாசிப்பு ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆகிவருகிறது என்று விமர்சகர்கள் சிலர் குறை கூறியதும் உண்டு.

மொரெலுக்குப் பின் எலியட் ஸிக்மண்ட் டிரம்ஸ் வாசித்தார். 1977 ஆகஸ்டில் 'யூ மஸ்ட் பிலீவ் இன் ஸ்பிரிங்' என்ற இசைத்தட்டு பதிவானது. இந்தக் குழுவின் மிக அழகிய பதிவுகளில் ஒன்று. எவன்ஸ் மறைந்த பிறகு, 1981இல்தான் அது வெளிவந்தது. பதிவு முடிந்த சில மாதங்களுக்குள் கோமஸும் ஸிக்மண்டும் விலகிவிட்டார்கள்.

கடைசி அணி

வயது ஐம்பதை நெருங்கும் நேரத்தில் எவன்ஸ் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 1978இல் மார்க் ஜான்சன் என்ற 24 வயது பாஸ் கலைஞர் சேர்ந்தார். லஃபாரோ இறந்தபோது அவர் ஏழு வயதுச் சிறுவன். 1979 தொடக்கத்தில் ஜோ லபார்பெரா டிரம்ஸ் வாசிக்க வந்தார்.

முதல் குழுவுக்குப் பிறகு, அதற்கு இணையான உறவு தமக்கு இப்போதுதான் கிடைத்தது என்ற பொருளில் எவன்ஸ் பேட்டிகளில் பேசினார். கேட்பவர்களுக்கும் அது புரிந்தது. சீராகவும் அடக்கமாகவும் ஓடிய இசை திடீரென்று வெள்ளமாகப் பெருகியது.

இந்த மாற்றத்தைக் காண ஒரு பாடலை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'நார்டிஸ்' என்பது மைல்ஸ் டேவிஸின் பெயரில் உள்ள பாடல். 1961இல் 'எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்' இசைத்தட்டில் அது ஆறு நிமிடத்திற்குள் முடிந்துவிடுகிறது. 1979 நவம்பர் 26இல் பாரிஸ் நிகழ்ச்சியில் அதே பாடல் பதினைந்து நிமிடங்களையும் தாண்டி ஓடுகிறது. முதலில் எவன்ஸ் தனியாகப் பியானோவில் நீண்ட நேரம் தேடுகிறார். பிறகு ஜான்சனுக்கும் லபார்பெராவுக்கும் தனித்தனியே மேடை கிடைக்கிறது. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது அரங்கம் சிலிர்க்குமே, அதுபோல மூவரும் ஒன்றாக மெட்டுக்குத் திரும்புகிறார்கள்.

கவனித்தீர்களா? தொடக்கத்தில் இந்தக் குழுவின் புதுமை, மூவரும் ஒரே நேரத்தில் பேசியது. கடைசியில் அதன் துணிச்சல், ஒருவர் பேசும்போது மற்ற இருவரும் முற்றிலும் மௌனமாக இருந்தது. மௌனமாக இருப்பதும் ஒரு வகைக் கேட்டல்தான்.

மறைக்கக் கூடாத ஒன்று

இந்த இசையின் அழகைச் சொல்லிவிட்டு, அதன் பின்னால் இருந்த இருளை மறைப்பது சரியாகாது. எவன்ஸ் 1950களிலேயே ஹெராயின் என்னும் போதைப்பொருளுக்கு அடிமையானார். பின்னாளில் கொக்கைன் பழக்கமும் சேர்ந்தது. 1979 ஏப்ரலில் அவருடைய அண்ணன் ஹாரி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இசை ஆசிரியரான அந்த அண்ணனின் மகள்தான் 'வால்ட்ஸ் ஃபார் டெபி' பாடலில் வரும் டெபி. அண்ணனின் மரணம் எவன்ஸை உள்ளுக்குள் உடைத்தது.

கல்லீரல் நோய் முற்றிய நிலையிலும் அவர் மருத்துவத்தை நாடவில்லை. 1980 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் தொடர்ந்து பல இரவுகள் வாசித்தார். பிறகு நியூயார்க் திரும்பி ஓர் அரங்கில் வாசிக்கத் தொடங்கியவர், உடல் இடம் கொடுக்காமல் பாதியில் நிறுத்தினார். செப்டம்பர் 15ஆம் தேதி மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 51.

போதைப்பொருள்தான் அவருக்கு அந்தக் கலையைக் கொடுத்தது என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் கலையைக் கொடுத்தது பல்லாயிரம் மணி நேர உழைப்பு. 1966இல் அண்ணன் ஹாரியோடு உரையாடிய ஒரு படத்தில் எவன்ஸே அதை விளக்குகிறார். பெரிய ஒன்றை அரைகுறையாகப் போலி செய்வதைவிட, சிறிய ஒன்றை எளிமையாக, ஆனால் உண்மையாகவும் துல்லியமாகவும் செய்து, அங்கிருந்து படிப்படியாக மேலே போக வேண்டும் என்பதே அவர் சொன்ன கருத்து. பியானோ படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமன்று, மிருதங்கம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். போதைப்பொருள் எடுத்துக்கொண்டது என்ன? அந்தக் கடைசி அணிக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஆண்டுகளை.

விட்டுச் சென்றது

அந்தக் குழுவில் வாசித்தவர்கள் அங்கே கற்றதை வேறு மேடைகளுக்குக் கொண்டு போனார்கள். எவன்ஸோடு 1963இல் பதிவு செய்த பாஸ் கலைஞர் கேரி பீகாக்கும், 1968இல் வாசித்த ஜாக் டிஜானெட்டும், பின்னாளில் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டோடு சேர்ந்தார்கள். 1983இல் நிலையான குழுவாக அமைந்த அந்த மூவர், ஆள் மாறாமல் 2014 வரை மேடையேறினார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேல்! எவன்ஸுக்குக் கிடைக்காத நீண்ட காலம் அவருடைய வழியில் வந்தவர்களுக்குக் கிடைத்தது.

இன்னொரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். 1990இல் பால் மோட்டியன் 'பில் எவன்ஸ்' என்ற பெயரிலேயே ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். முழுவதும் எவன்ஸ் இயற்றிய பாடல்கள். சாக்ஸஃபோன், கிட்டார், பாஸ், டிரம்ஸ் என நால்வர் வாசித்தார்கள். பாஸ் வாசித்தவர் மார்க் ஜான்சன். முதல் அணியின் டிரம்ஸ் கலைஞரும் கடைசி அணியின் பாஸ் கலைஞரும் அந்தத் தட்டில் ஒன்று சேர்ந்தார்கள். எவன்ஸின் மூவர் குழுவில் அவர்கள் இருவரும் ஒரே காலத்தில் இருந்ததே இல்லை. ஆனாலும் ஒரே பள்ளியில் வெவ்வேறு ஆண்டுகளில் படித்தவர்களைப் போல, இருவருக்கும் பொதுவான மொழி இருந்தது.

அந்தத் தட்டில் பியானோ மட்டும் இல்லை. அந்த இடத்தில் யாரையும் உட்கார வைக்காமல் விட்டுவிட்டார்கள்.

இந்த இருபது ஆண்டுக் கதை நமக்குச் சொல்வது இதுதான். ஒரு சிறிய குழுவின் பலம், அதில் உள்ளவர்களின் திறமையைக் கூட்டிப் பார்த்தால் வருவதன்று. அவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஆகவே போனவரின் இடத்தை நிரப்ப ஆள் தேடினால் கிடைக்க மாட்டார். வந்தவரோடு முதல் நாளிலிருந்து பேசத் தொடங்கினால் இன்னொரு குழு பிறக்கும். எவன்ஸ் தம் வாழ்நாளில் அதைப் பலமுறை செய்தார். கோயில் பஜனைக் குழுவோ, உறுமி மேளக் குழுவோ, நாடகக் குழுவோ நடத்தும் நம்மவர்களுக்கும் இது புதிய செய்தியாக இராது.

வாய்ப்புக் கிடைத்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவைக் கேளுங்கள். முதல் முறை பியானோவைக் கேளுங்கள். இரண்டாம் முறை பாஸை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் முறை, ஒருவர் வாசிக்கும்போது மற்ற இருவரும் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்த மூவரும் சேர்ந்து எழுப்பிய உரையாடல் அப்போது உங்கள் காதிலும் விழும்.